லீடர் எல்லாவற்றையும் செய்கிறான், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், தமிழ் மீடியம் உள்ள ஒரு ஹைஸ்கூலில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள். 'நம் ஊர்த் தண்ணீர்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தேன். ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்கள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி லீடர், எழுதுபவர், பேசுபவர், நேரம் பார்ப்பவர், படம் வரைபவர், பொருள் கொண்டுவருபவர் என்று பொறுப்பும் பிரித்தேன். நடந்தது என்னவென்றால், நன்றாகப் படிக்கும் ஒரு பையன் வீட்டில் போனில் தேடி, முழு சார்ட்டையும் தானே முடித்துக் கொண்டுவந்துவிட்டான். எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய இதே கதை. ஒரு குழுவில், வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளைக்கு 'பொருள் கொண்டுவருபவர்' வேலை போனது. அவள் ஸ்கெட்ச் பென் எடுத்துக் கொடுத்ததோடு சரி. வீட்டில் மலையாளம் பேசி எங்களிடம் தமிழில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஓரமாகவே இருந்தார்கள். இப்போது லீடரின் அப்பா, 'என் பையன் உழைப்புக்கு எல்லோருக்கும் ஒரே மார்க்கா?' என்று கேட்கிறார். பொறுப்பு பிரிப்பதையே விட்டுவிடலாமா?
(ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை பகுதி)

அன்புள்ள டீச்சருக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் பிரித்த அந்த ஆறு பொறுப்புகளையும் அப்படியே மறுபடி கொடுக்கவும் வேண்டாம். ஆசிரியர் பயிற்சி வேலையில் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது உங்கள் ஒருவருடைய வகுப்பின் கதை இல்லை. கேரளத்தில் 1990-களின் பிற்பகுதியிலிருந்தே குழுச் செயல்பாடு பாடத்திட்டத்தோடு ஒட்டியே வருகிறது. இருந்தும் குழுவுக்குள் யார் யோசிக்கிறார்கள், யார் பென்சில் சீவுகிறார்கள் என்று நாம் கவனித்துப் பார்ப்பது குறைவு. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையனைக் குற்றம் சொல்ல வேண்டாம். சார்ட் பேப்பரில் ஊர்த் தண்ணீர் பற்றி எழுது என்றால், அது ஒருவர் ஒரே ராத்திரியில் முடிக்கக்கூடிய வேலை. ஒருவரால் முடிகிற வேலைக்கு ஆறு பேரைப் போட்டால், முடிகிறவர் முடித்துவிடுவார். அவனுக்கு மற்ற ஐந்து பேரிடமிருந்தும் எதுவும் தேவைப்படவில்லை. நீங்கள் கொடுத்த பொறுப்புகளை ஒரு முறை திரும்பப் பாருங்கள். எழுதுவது, பேசுவது, நேரம் பார்ப்பது, வரைவது, பொருள் கொண்டுவருவது, எல்லாமே விஷயம் கையில் வந்த பிறகு செய்கிற வேலைகள். விஷயத்தைத் தேடுவதும், இது சரியா என்று யோசிப்பதும் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அது தானாக லீடர் தலையில் விழுந்தது.

ஆகவே பொறுப்பைப் பிரிப்பதற்கு முன்னால் கேள்வியை மாற்றுங்கள். நாலு பேர் நாலு இடத்திலிருந்து கொண்டுவருவதைச் சேர்த்தால்தான் பதில் கிடைக்கும், போனில் கிடைக்காது, அப்படி ஒரு கேள்வி வேண்டும். உங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை. 'வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நாட்களில் நம் வார்டுக் கிணறுகளில் மட்டம் ஏறுகிறதா? வாய்க்கால் நின்றால் எத்தனை நாள் தாங்குகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் கோடையில் பெரியவர்கள் தினமும் பேசுகிற விஷயம்தான் இது. பிள்ளைகள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நாலு ஆட்கள் வேண்டும். ஒருவர் கிணறு பார்ப்பவர். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, வீட்டுப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று வாரம் இரண்டு முறை அளந்து எழுத வேண்டும். (பெரியவர் ஒருவர் கூட நிற்காமல் எந்தப் பிள்ளையும் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பதை வீட்டுக்கு எழுதியே அனுப்புங்கள். போர் என்கிற ஆழ்துளைக் கிணற்றுக்கு அளவெல்லாம் வேண்டாம், எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று உரிமையாளரைக் கேட்டால் போதும்.)

இன்னொருவர் வாய்க்கால் பார்ப்பவர். எந்தெந்த நாளில் தண்ணீர் வந்தது என்று குறிப்பதோடு, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் இவர் படிக்க வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்குத் தமிழ்நாடும் கேரளமும் செய்த ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கணக்கைத் தானே போட்டு, ஒரு குடும்பம் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற குடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மணக்கடவிலிருந்து மூலத்தறை, அங்கிருந்து கால்வாய்கள் என்று தண்ணீர் வரும் வழியை வரைபடத்தில் தொட்டுக் காட்டவும் இவரால் முடிய வேண்டும்.

மூன்றாமவர் பெரியவர்களைக் கேட்பவர். முன்பு எந்தக் கிணறு வற்றவே வற்றாது, எப்போது போர் போட ஆரம்பித்தார்கள், நிலக்கடலை போட்ட நிலத்தில் தென்னை எப்போது வந்தது என்பதெல்லாம் தோப்பில் வேலை செய்யும் தாத்தாவுக்கும் வீட்டில் இருக்கும் ஆத்தாவுக்கும்தான் தெரியும். இது புத்தகத்தில் இல்லை. நாலாமவர் காகிதம் படிப்பவர். பஞ்சாயத்து அறிவிப்பு, கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) நோட்டீஸ், குடிநீர் விடுகிற நேரம், லாரித் தண்ணீர் வந்த நாள். இவற்றில் பெரும்பாலானவை மலையாளத்தில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் உங்கள் இரண்டு மலையாள வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தமிழ் சார்ட்டில் அவர்களுக்கு வேலை இல்லாமல் இருந்தது. இப்போது குழுவில் அவர்களால்தான் சரளமாகப் படிக்க முடிகிற காகிதம் ஒன்று நடுவில் இருக்கிறது, அது இல்லாமல் பதிலும் கிடைக்காது. அதே மாதிரி, பரீட்சையில் பின்னால் நிற்கிற, ஆனால் தோட்டக்காரர்களிடம் கூச்சமில்லாமல் போய்ப் பேசுகிற ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் கட்டாயம் இருக்கும். எல்லை ஊர்ப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட சொத்து நிறைய இருக்கிறது. பாடப்புத்தகத்தை மட்டும் நடுவில் வைத்தால் அது வெளியே வராது. எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம். இரண்டு மொழி புழங்குகிற பிள்ளையை நாம் 'தமிழ் சரியில்லை' என்ற ஒரே வார்த்தையில் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு, எல்லாம் சேர்ந்தால்தான் முழுசு என்ற இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழி வந்தவர்கள் ஆகிய பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது பெரும் சண்டையும் சச்சரவும் வந்தது. எலியட் அரான்சன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 1971-ல் அங்கே போய், பாடத்தைப் பல துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்டால்தான் பாடம் முழுவதும் தெரியும். கேலி செய்துகொண்டிருந்த பிள்ளைகள், தங்களுக்கே அவன் சொல்வது வேண்டும் என்பதால் கேள்வி கேட்டு அவனைப் பேச வைக்கத் தொடங்கினார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தவற விடாதீர்கள். ஒரே துண்டை வைத்திருக்கும் எல்லாக் குழுப் பிள்ளைகளும் முதலில் தனியாகக் கூடி, அதைப் புரிந்துகொண்டு, எப்படிச் சொல்வது என்று பழகிவிட்டுத்தான் தங்கள் குழுவுக்குத் திரும்புவார்கள். உங்கள் வகுப்பில் கிணறு பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு மூலையில், வாய்க்கால் பார்ப்பவர்கள் ஒரு மூலையில் என்று ஒரு பீரியட் உட்காரட்டும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குத் துணை அங்கே கிடைக்கிறது. ஒன்றும் தெரியாமல் தன் குழு முன்னால் போய் நிற்கிற சங்கடம் இல்லை.

குழுவையும் சின்னதாக்குங்கள். ஆறு பேர் அதிகம். 36 பேருக்கு நாலு நாலாக ஒன்பது குழு. மேற்பார்வை கஷ்டம்தான், ஆனாலும் செய்யுங்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்த கணக்கை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, ஆளுக்கு ஆள் இழுக்கிற பலம் குறைந்துகொண்டே வந்தது. 1979-ல் பிப் லட்டானேயும் உடன் இருந்தவர்களும் கை தட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிறோம் என்று நம்ப வைத்தாலே போதும், உண்மையில் தனியாகக் கத்துகிறவருடைய சத்தமும் குறைந்தது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்றால் பெரியவர்களுக்கே கை தளர்கிறது. பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்ல ஒன்றுமில்லை.

சரி, அந்தப் பேசாத பெண் பிள்ளை. டீச்சர், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது இவள்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோஹன் என்ற சமூகவியலாளர் குழு வேலையைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். குழுவில் உட்கார்ந்ததுமே யார் கெட்டிக்காரன், யார் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குள் ஒரு வரிசை தானாக உருவாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. வாசிப்பில் பெயர் வாங்கியவர், எல்லோருக்கும் பிடித்தவர் மேலே. மேலே இருப்பவர் அதிகம் பேசுகிறார், அதிகம் பேசுபவர் அதிகம் கற்றுக்கொள்கிறார். அப்படியானால் நாம் கவனிக்காமல் விட்ட குழு வேலை, இருக்கிற ஏற்றத்தாழ்வை இன்னும் பெரிதாக்குகிறது. நம் ஊரில் இந்த வரிசைக்கு மார்க் மட்டும் காரணமில்லை. பொருள் எடுத்துவரும் வேலையும், கடைசியில் கிளாஸைப் பெருக்கும் வேலையும் எப்போதும் ஒரே பிள்ளைகளுக்குப் போகிறதா என்று பாருங்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்றும் பாருங்கள். கையெழுத்து அழகு என்று பெண் பிள்ளைகளை எழுத வைத்து, முன்னால் வந்து பேசும் வேலை பையன்களுக்கே போகிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னால் இது கட்டாயம் நடக்கும். ஆகவே முதல் தடவை யாருக்கு எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

'பொருள் கொண்டுவருபவர்', 'நேரம் பார்ப்பவர்' இரண்டையும் எடுத்துவிடலாம். நேரத்தை போர்டில் எழுதுங்கள். பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும். 'லீடர்' என்ற பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. சில சக ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தலைமைப் பண்பு வளர வேண்டாமா என்பார்கள். எட்டாம் வகுப்பில் அந்தப் பெயர் கிடைத்த பிள்ளை கட்டளையிடுகிறது, இல்லையென்றால் எல்லாவற்றையும் தானே சுமக்கிறது. நான் பார்த்த வரை வேறெதுவும் பெரிதாக வளர்வதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கிணறு பார்க்கும் வேலையைக் கொடுங்கள். பேச வேண்டும் என்று நெருக்காதீர்கள். அளந்து எழுதிய எண்கள் அவளிடம் மட்டுமே இருக்கும், அதனால் மற்ற மூன்று பேரும் அவளைக் கேட்டே ஆக வேண்டும். முதலில் கிணற்றுக்காரர்கள் கூடுகிற மூலையில் ஒருத்தியிடம் பேசுவாள், அப்புறம் குழுவில் மூன்று பேரிடம். வகுப்பு முன்னால் பேசுவது அதற்குப் பிறகு வரட்டும், இந்தப் புராஜெக்டில் வராமல் போனாலும் பரவாயில்லை. அவள் நோட்டை நீங்கள் பார்க்கும்போது உண்மையிலேயே நன்றாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, குழு முன்னாலேயே, எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'வாய்க்கால் நின்ற தேதியைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள், இதனால்தான் உங்களால் ஒப்பிட முடிகிறது' என்று சொன்னால், அவளுக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் அவளைப் பற்றிய கணக்கு மாறும். 'வெரி குட்' என்று பொதுவாகச் சொல்வதில் இது கிடைக்காது. பொய்யாகப் பாராட்டினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவளை இன்னும் கீழே இறக்கும்.

இது வரை சொன்னது தகவல் கொண்டுவரும் பொறுப்பு. இது புராஜெக்ட் முடியும் வரை மாறக் கூடாது. இதோடு குழுவாக உட்கார்ந்து பேசும்போது மட்டும் இன்னொரு பொறுப்பு கொடுக்கலாம். தபால் கார்டு அளவு அட்டையில், அந்தப் பிள்ளை சொல்ல வேண்டிய வாக்கியத்தையே எழுதிக் கொடுங்கள். ஒருவர் ஆதாரம் கேட்பவர்: 'இது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க?' ஒருவர் எல்லோரையும் பேச வைப்பவர்: 'நீ இன்னும் சொல்லலையே, உனக்கு என்ன தோணுது?' ஒருவர் மறுபக்கம் பார்ப்பவர்: 'இதுக்கு வேற காரணம் இருக்கலாமா?' ஒருவர் தொகுப்பவர்: 'இதுவரைக்கும் நாம ஒத்துக்கிட்டது இது, சரியா?' வாக்கியங்கள் பிள்ளைகள் பேசுகிற தமிழில் இருக்கட்டும். பாடப்புத்தக நடையில் எழுதிக் கொடுத்தால் ஒப்பித்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

உங்கள் 'லீடர்' பையனுக்கு முதலில் ஆதாரம் கேட்கும் அட்டையைக் கொடுங்கள். வேகமாகப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, கேள்வி மட்டும் கேட்டுக் காத்திருப்பது பெரிய வேலை. அவன் அறிவுக்கும் அது தீனிதான். கிணற்று மட்டம் ஏறியது வாய்க்காலாலா, அந்த வாரம் பெய்த மழையாலா என்று அவன் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. ஏன் இந்த அட்டை என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தண்டனையாக நினைத்துவிடக் கூடாது.

அட்டையைக் கொடுத்ததும் வேலை நடந்துவிடாது. முதல் நாள் ஒரு குழுவை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க, பத்து நிமிடம் பேச விடுங்கள். யார் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள், யார் பேசவே இல்லை என்று பார்த்தவர்கள் சொல்லட்டும். பேச்சு அட்டைகளைத் தினமும் மாற்றாதீர்கள், ஒன்றில் பழகுவதற்குள் கை மாறினால் எதுவும் தங்காது. இரண்டு மூன்று பீரியட் ஒரே அட்டை, அப்புறம் சுற்று. அட்டையைப் பார்க்காமலேயே 'யார் சொன்னாங்க?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டால், அந்தக் குழுவிடமிருந்து அட்டைகளை வாங்கிவிடுங்கள். சின்ன வேலைகளுக்கு, ஒரு பத்தியைப் படித்துப் பேசுவது போன்றவற்றுக்கு, இதெல்லாம் வேண்டாம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக மார்க். அந்த அப்பா கேட்டது நியாயமான கேள்வி. எஸ்.எஸ்.எல்.சி.யில் 100-க்கு 20 தொடர் மதிப்பீட்டில் வருகிறது. எட்டாம் வகுப்பிலும் எழுத்துத் தேர்வுக்குக் குறைந்தபட்ச மார்க் என்ற நிபந்தனை 2024-25 கல்வியாண்டில் வந்துவிட்டது. வீட்டில் பதற்றம் இருக்கத்தான் செய்யும். பெரும்பங்கு மார்க்கை ஒவ்வொரு பிள்ளையின் நோட்டுக்கும், நீங்கள் தனியாகக் கேட்கும் இரண்டு மூன்று கேள்விகளுக்கும் வையுங்கள். அதில் ஒரு கேள்வியாவது அடுத்தவர் கொண்டுவந்த தகவலைப் பற்றி இருக்கட்டும். வாய்க்கால் பார்த்தவரிடம் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். குழு முழுவதற்கும் பொதுவான மார்க் கொஞ்சம் போதும். வகுப்பு முன்னால் சொல்வதற்கு யார் வர வேண்டும் என்று அன்றைக்குச் சீட்டு எடுங்கள். முதலிலேயே பெயர் தெரிந்தால் மற்ற மூன்று பேரும் தயாராக மாட்டார்கள். கூச்சம் அதிகமுள்ள பிள்ளையின் சீட்டு வந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துவர விடுங்கள். இந்த ஏற்பாட்டைப் புராஜெக்ட் தொடங்கும் முன்பே கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் பிள்ளைகள் வந்து கேட்பார்கள் என்பதும் அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

யாராவது லீவு போட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே வரும். கிணற்றுக்காரர் வரவில்லை என்றால் வேறு குழுவின் கிணற்றுக்காரரைக் கால் மணி நேரம் கடன் வாங்கலாம் என்று விதி வையுங்கள். லீவு போட்டவருடைய துண்டை லீடர் பையன் தானே எழுதிக்கொண்டுவர முன்வருவான். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.